சோறும் பாப்பும் நாசியும்: கொரிய உணவுச் சொற்களைக் கற்கும் முறை

அயல்மொழி ஒன்றை அணுகுவோர்க்கு முதலில் திறக்கும் வாயில் உணவு. இலக்கணம் அறியாதவரும் ஓர் உணவின் பெயரைச் சொல்லி அதனைக் கேட்டுப் பெறலாம். எளிதில் கிடைக்கும் அச்சொற்களை முற்றக் கற்றுவிட்டதாக எண்ணுவதும் எளிது. ஓர் உணவுச் சொல்லை யார், யாரிடம், எப்பொழுது, எந்த வினையோடு சேர்த்துச் சொல்வர் என்பது தெரியும் வரையில் அச்சொல் நமக்கு உரியதாவதில்லை. கொரிய உணவுச் சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கொரிய மொழியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1982இல் மலேசிய அரசு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தபோது, ஜப்பானுடன் தென்கொரியாவும் நம் நாடு கற்றுக்கொள்ள வேண்டிய நாடாக முன்வைக்கப்பட்டது. மாணவர்கள் அங்குச் சென்று பயின்றனர். அடுத்த தலைமுறைக்கோ தொலைக்காட்சித் தொடர்களும் பாடல்களும் அந்நாட்டை வீட்டிற்குள் கொண்டுவந்தன. இன்று ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் கொரிய உணவகப் பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். கிம்ச்சி, பிபிம்பாப், புல்கொகி ஆகிய பெயர்கள் நம் மாணவர்க்குப் புதியன அல்ல. 2021 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஒரே முறையில் 26 கொரியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் பல உணவின் பெயர்கள்.

தமிழ் மாணவரிடம் இவ்வார்வம் மற்றொரு மகிழ்ச்சியோடும் கலந்துள்ளது. கொரியர் தாயை ‘ஒம்மா’ என்கின்றனர். தந்தையை ‘அப்பா’ என்கின்றனர். புல்லைப் ‘புல்’ என்றே சொல்கின்றனர். இவற்றைக் கேட்டவுடன் ‘கொரியமும் தமிழும் உறவு மொழிகள்’ என்னும் முடிவுக்கு வருவோர் பலர். இம்முடிவை இறுதியில் ஆராய்வோம். அதற்கு முன் சமையலறைக்குள் செல்வோம்.

எழுத்தும் ஒலியும்

கொரியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதப் புகுவோர் ஓர் ஒற்றுமையைக் காண்பர். தமிழில் ககரம் சொல்லின் முதலில் வல்லொலியாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையில் மெலிந்தும் ஒலிக்கிறது. ‘கல்’ என்பதிலுள்ள ககரமும் ‘பகை’ என்பதிலுள்ள ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்வியல்பைத் திராவிட மொழிகளின் சிறப்புக் கூறுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். கொரிய மொழியின் இயல்பான வல்லொலிகளும் இவ்வாறே நடக்கின்றன. இறைச்சியைக் குறிக்கும் சொல்லைக் ‘கொகி’ என எழுதினால், தமிழர் தம் இயல்புப்படி முதல் ககரத்தை வலித்தும் அடுத்ததை மெலித்தும் படிப்பர். அதுவே கொரிய ஒலிப்புக்கும் நெருக்கமானது. சோயாப் பயற்றின் பாலைத் திரித்துச் செய்யும் கட்டியைத் ‘துபு’ என்பர். இதிலும் தகரம் வலிந்தும் பகரம் மெலிந்தும் ஒலிக்கும்.

ஆயினும் எல்லாம் பொருந்திவிடுவதில்லை. கொரியத்தில் இயல்பான வல்லொலி, இறுக்கி ஒலிப்பது, மூச்சோடு ஒலிப்பது என மூவகை உண்டு. இறுக்கி ஒலிப்பதற்கு நம் இரட்டித்த வல்லெழுத்து ஓரளவு துணைசெய்யும். ‘அப்பா’ என்பதில் அது பொருந்துகிறது. அரிசி மாவுக் கட்டியாகிய ‘தொக்’ என்பதன் முதலொலியும் இறுகியதே. சொல்லின் முதலில் இரட்டித்து எழுதத் தமிழில் வழியில்லை. மேலும் கொரியத்தின் இரு வேறு உயிரொலிகளுக்கு நாம் ஒகரம் ஒன்றையே எழுத வேண்டியுள்ளது. ஆதலின், இவ்வுரையில் தமிழெழுத்தில் வரும் கொரியச் சொற்களை ஏறத்தாழ அமைந்தனவாகவே கொள்ள வேண்டும். சொல்லைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்வது கற்போர் கடமை.

நெல், அரிசி, சோறு

வயலில் நிற்பது நெல், உமி நீங்கியது அரிசி, வெந்தது சோறு. இம்மூன்றையும் ஆங்கிலம் ‘ரைஸ்’ என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கக்கூடும். மலாய் மொழி நம்மைப் போலவே பாடி, பெராஸ், நாசி எனப் பிரிக்கிறது. கொரிய மொழியும் பியோ, சால், பாப் எனப் பிரிக்கிறது. சொற்களுக்குள் ஒலித்தொடர்பு ஒன்றும் இல்லை. பகுக்கும் முறையோ ஒன்றே. நெல்லை விளைத்து, குற்றி, உலையிலிட்டு உண்ட மக்களுக்கு இம்மூன்றும் மூன்று பொருள்கள்.

இப்பகுப்பு இன்னும் நுட்பமாகச் செல்கிறது. கொரியர் பானையின் அடியில் பிடித்த சோற்றை ‘நுருங்ஜி’ என்பர். நாம் அதனைக் காந்தல் என்கிறோம். மலாய்க்காரர் கெராக் நாசி என்பர். கொரியர் நீர்விட்டுக் குழைய வேகவைத்ததை ‘ஜுக்’ என்பர். நமக்கு அது கஞ்சி. சோற்றோடு சேர்த்து உண்பவை அனைத்துக்கும் கொரியத்தில் ‘பன்ச்சான்’ எனப் பொதுப்பெயர் உண்டு. மலாயில் அது லாவுக். தமிழில் தொடுகறி அல்லது வெஞ்சனம். உணவைச் ‘சோறு’ என்றும் ‘சோற்றுக்குத் துணை’ என்றும் இரண்டாகக் காணும் பண்பாடுகளுக்கே இத்தகைய சொல் தேவைப்படுகிறது.

பகுப்பு ஒத்திருப்பினும் மதிப்பீடு வேறுபடலாம் என்பதையும் கருத வேண்டும். கொரியர் விரும்பும் அரிசி குட்டையானது. வெந்தால் பளபளப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் சோற்றை நல்ல சோறு என்பர். நம் வீடுகளில் பருக்கை பருக்கையாக உதிர்வதே நல்ல பக்குவம். ‘சோறு குழைந்துவிட்டது’ என்பது சமைத்தவர்க்குக் குறை. ‘ஒட்டும்’ என்னும் ஒரே பண்புச்சொல் ஓரிடத்தில் பாராட்டாகவும் மற்றோரிடத்தில் பழியாகவும் அமைகிறது.

கொரியத் தேர்வுக் கூடம் வரையில் இவ்வொட்டுதல் செல்கிறது. ‘ஒட்டு’ என்னும் பொருளுடைய வினையே தேர்வில் தேறுவதையும் குறிப்பதால், தேர்வெழுதுவோர்க்குத் தொக்கும் பிசுபிசுக்கும் மிட்டாயும் கொடுத்து வாழ்த்துவர். கடற்பாசிச் சாறாகிய ‘மியொக்குக்’ வழுக்கும் தன்மையது; ஆதலின் தேர்வு நாளில் அதனைத் தவிர்ப்போர் உண்டு. ‘மியொக்குக் உண்டான்’ என்றால் தேர்வில் தவறினான் என்பது பொருள். ஆயின் அதே சாறு பிறந்தநாளன்று தவறாமல் உண்ணப்படுவது. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் கொடுக்கப்படுவது. அகராதி இச்சொல்லுக்குக் ‘கடற்பாசிச் சாறு’ என்று மட்டுமே பொருள் தரும். அதனை என்று கொடுப்பது, என்று கொடுக்கலாகாது என்பதை வழக்கே கற்பிக்கும்.

உண்ணுதல் என்னும் வினை

பெயர்ச்சொல்லை விட வினைச்சொல் பண்பாட்டை ஆழமாகக் காட்டும். கொரியத்தில் உண்ணுதலைக் குறிக்கும் வினை ‘மொக்தா’. புத்தாண்டில் அரிசிக்கட்டிச் சாறாகிய ‘தொக்குக்’ ஒரு கிண்ணம் உண்டால் ஓர் ஆண்டு கூடியதாகக் கருதுவது அவர் மரபு. அவர் மொழியிலும் வயதாவது ‘வயதை உண்ணுதல்’ ஆகும். அஞ்சுவது அச்சத்தை உண்ணுதல். வசவு கேட்பது வசவை உண்ணுதல். கடும் வெயிலால் நலங்குன்றுவது வெம்மையை உண்ணுதல். ஒன்றைச் செய்யத் துணிவது மனத்தை உண்ணுதல்.

இவை விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தமிழ் மாணவர்க்கு இவை அயலானவை அல்ல. ‘கட்டுண்டான்’, ‘தள்ளுண்டான்’, ‘அறையுண்டான்’, ‘வெட்டுண்டது’ என நாம் எழுதுகிறோம். இவற்றில் உண்ணப்படும் பொருள் எது? உண் என்னும் வினை, தன்மேல் வந்து விழுவதை ஏற்றுக்கொள்ளும் பொருளில் செயப்பாட்டு வினையாக்கத்துக்குத் துணைநிற்கிறது. வாய்வழி உட்கொள்ளும் செயல், படுதலைக் காட்டும் இலக்கணக் கருவியாயிற்று. கொரியர் ‘குத்து ஒன்றை உண்டான்’ என்பதும் இந்நெறியே. பேச்சுத் தமிழில் இவ்விடத்தை ‘வாங்கு’ பிடித்துக்கொண்டது. ‘அடி வாங்கினான்’, ‘ஏச்சு வாங்கினான்’ என்கிறோம்.

நம் அண்டை வீட்டு மொழியையும் நோக்குவோம். மலாயில் சம்பளத்துக்கு வேலை செய்வது ‘மாக்கான் காஜி’, அதாவது சம்பளத்தை உண்ணுதல். உல்லாசமாக உலாவி வருவது ‘மாக்கான் ஆங்கின்’, காற்றை உண்ணுதல். கையூட்டுப் பெறுவது ‘மாக்கான் சுவாப்’. பிழைப்புக்கு மலாய் வழங்கும் உருவகம் ‘பெரியுக் நாசி’, சோற்றுப்பானை. கொரியரும் வாழ்வாதாரத்தைச் சோற்றோடு இணைத்தே பேசுவர்; புறக்கணிக்கப்பட்டவரின் நிலையை ‘ஆறிய சோற்றின் நிலை’ என்பர். குடும்பத்தாரைக் குறிக்கும் ‘ஷிக்கு’ என்னும் சொல், சீன எழுத்துகளின் பொருள்படி ‘உண்ணும் வாய்கள்’ என விரியும். ஒரே பானைச் சோறு உண்டவர் என்பது அவர்க்கு நெருங்கிய உறவின் அடையாளம். நாமும் பிரிந்துபோன குடும்பத்தைத் ‘தனி அடுப்பு மூட்டினர்’ என்றே சொல்கிறோம்.

மரியாதையும் நலம் கேட்டலும்

‘சாப்பிட்டாயிற்றா?’ என்று நாம் கேட்பது பெரும்பாலும் உணவைப் பற்றிய வினா அன்று. மலாய்க்காரர் ‘சுடா மாக்கான்?’ எனக் கேட்பதும், கொரியர் ‘பாப் மொகொஸ்ஸொயோ?’ எனக் கேட்பதும் இத்தகையனவே. மூன்றும் நலம் வினவும் முறைகள். உண்ணாதிருந்தாலும் ‘ஆயிற்று’ என விடையளித்து மேலே பேசத் தொடங்கலாம் என்பதை மூன்று மொழியினரும் அறிவர்.

ஆனால் இவ்வினாவைக் கொரியப் பாட்டியிடம் இவ்வாறே கேட்டுவிட்டால் மரியாதைக் குறைவாகும். மூத்தோர் உண்ணும் சோறு ‘பாப்’ அன்று, ‘ஜின்ஜி’. அவர் உண்பதற்கும் வினை வேறு. ‘ஜின்ஜி ஜப்சுஷொஸ்ஸொயோ?’ என்பதே பெரியோரிடம் கேட்கும் முறை. பெயர், வினை இரண்டும் மாறிவிடுகின்றன. இங்குத் தமிழோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். தமிழில் ‘சோறு’ என்பதைச் சிலர் நயமற்ற சொல்லாகக் கருதிச் ‘சாதம்’ என்பர். அந்த வேறுபாடு பேசுவோரின் சமூகப் பழக்கத்தைக் காட்டுகிறது. அதனை யார் உண்கிறார் என்பது அங்கு முதன்மையன்று. கொரியச் சொல்லோ உண்போரின் உயர்வைக் காட்டுகிறது. நம்மிடம் இதற்கு நெருங்கியதைத் தேடினால், இறைவனுக்கும் அடியார்க்கும் உரிய ‘திருவமுது’, ‘அமுது செய்தல்’ ஆகிய வழக்குகளைச் சுட்டலாம்.

உண்கலத்தின் முன்னும் இம்மரியாதை தொடர்கிறது. மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையோர் எடுப்பர். சோற்றைக் கரண்டியாலும், தொடுகறியைக் குச்சிகளாலும் உண்பர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்துவதில்லை. கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது முன்னோர்க்குப் படைக்கும் சடங்கை நினைவூட்டுவதாகையால் அதனைத் தவிர்ப்பர். சூடான சாற்றைப் பருகிவிட்டு ‘ஷிவொன்ஹாதா’ என்பர். அகராதி இதற்குக் ‘குளிர்ச்சியாக உள்ளது’ எனப் பொருள் கூறும். கொதிக்கும் சாறு குளிர்வது எவ்வாறு? உடலுக்கும் மனத்துக்கும் கிடைக்கும் இதத்தையே அச்சொல் குறிக்கிறது. இளநீர் குளிர்ச்சி, மாம்பழம் சூடு என உணவின் வெப்பத்தைக் கையால் தொட்டறியாமல் உடலால் அறியும் நமக்கு இது விளங்காததன்று.

எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம்

மேற்கூறியவை மொழிநயம் சார்ந்தவை. சில சொற்களை அறியாமை உண்மையான இடரையே விளைவிக்கும். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்துப் பிள்ளைகள், ஹலால் உணவையே உண்ணும் முஸ்லிம் நண்பர்கள், புரட்டாசியிலும் தைப்பூச நோன்பிலும் சைவம் காப்போர் ஆகியோர் ஒன்றாகச் செல்லும் மேசை நம்முடையது. அவர்களுக்குக் கீழ்க்காணும் சொற்கள் இன்றியமையாதவை.

‘கொகி’ என்பது இறைச்சிக்குப் பொதுப்பெயர். ‘சொகொகி’ மாட்டிறைச்சி; ‘த்வேஜிகொகி’ பன்றியிறைச்சி; ‘தாக்கொகி’ கோழியிறைச்சி. புல்கொகி என்னும் பெயரில் விலங்கின் பெயர் இல்லை. ஆயினும் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்யப்படுவது. ‘முல்கொகி’ என்பது சொல்லுக்குச் சொல் ‘நீர் இறைச்சி’. நீரில் வாழும் மீனை அது குறிக்கும். சமைப்பதற்குரிய மீனுக்கோ ‘செங்சொன்’ என வேறு பெயர் உண்டு.

கிம்ச்சி காய்கறிதானே என எண்ணிச் சைவர் கை நீட்டலாம். அதன் பக்குவத்தில் ‘ஜொத்கால்’ எனப்படும் உப்பிலிட்டு நொதித்த மீனோ இறாலோ பெரும்பாலும் சேரும். பல சாறுகளுக்கு அடிநீர் நெத்திலி கொதித்த நீர். ‘இதில் கொகி உண்டா?’ எனக் கேட்டால் ‘இல்லை’ என்னும் விடை வரலாம், அது பொய்யன்று. நெத்திலி கொகியாகக் கருதப்படுவதில்லை. ‘சைவம்’ என்னும் நம் ஒரு சொல் ஊன், மீன், முட்டை அனைத்தையும் ஒருங்கே விலக்குகிறது. அப்பரப்பைக் ‘கொகி’ என்னும் சொல்லின் மறுப்பு தராது. ஆகவே மீனையும் இறாலையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். கொரியப் பௌத்த மடங்களின் உணவு ஊனையும், பூண்டு வெங்காய வகையைச் சேர்ந்த ஐந்து காரப் பொருள்களையும் விலக்குவது. நம்மவருள் பூண்டு வெங்காயம் தவிர்ப்போர்க்கு அது எளிதில் விளங்கும்.

வேண்டியதைக் கேட்கும் தொடர் தமிழர்க்குக் கடினமன்று. ‘முல் ஜுசெயோ’ என்றால் நீர் தாருங்கள். ‘கிம்ச்சி தொ ஜுசெயோ’ என்றால் கிம்ச்சி இன்னும் தாருங்கள். ‘கொகி ப்பே ஜுசெயோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் ‘இறைச்சி நீக்கித் தாருங்கள்’ என அமையும். செயப்படுபொருள், வினையெச்சம், முற்று என நம் தொடரின் வரிசை அப்படியே நிற்கிறது. இதே கருத்தை ஆங்கிலத்தில் சொல்ல வரிசையைப் புரட்ட வேண்டும்.

ஒப்புமை வேறு, உறவு வேறு

இத்தனை ஒற்றுமைகளைக் கண்ட பின் ‘இரண்டும் உறவு மொழிகள்தாம்’ என்னும் எண்ணம் வலுப்பெறுவது இயல்பு. கொரியாவில் கல்விப் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்று எழுதினார். கருத்து பழையது, ஆயினும் மொழியியலார் பொதுவாக அதனை ஏற்கவில்லை. காரணத்தை மாணவர் அறிய வேண்டும்.

வினை இறுதியில் வருதல், உருபுகள் பெயரின் பின் ஒட்டுதல் ஆகியவை ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் எனப் பல மொழிகளில் காணப்படுபவை. அவை அமைப்பு ஒப்புமையே, பிறப்புறவுக்குச் சான்றல்ல. அம்மா, அப்பா போன்றவை குழந்தையின் இதழ்கள் முதலில் எளிதாக எழுப்பும் ஒலிகள். தொடர்பில்லாத பல மொழிகளிலும் இவ்வாறே அமைவதை ரோமன் யாக்கோப்சன் விளக்கியுள்ளார். புல் போன்ற தனிச்சொற்கள் தற்செயலாக ஒத்துவரலாம். உறவை நிறுவுவது ஒழுங்கான ஒலிமாற்றம். தமிழில் பால், புலி, பல் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என வருகின்றன. பகரம் ஹகரமாகும் நெறி சொல்லுக்குச் சொல் தொடர்கிறது. இத்தகைய நெறியைத் தமிழுக்கும் கொரியத்துக்கும் இடையே எவரும் உறுதியாக நிறுவவில்லை.

ஒலி நம்மை ஏமாற்றுவதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மூவாரின் புகழ்பெற்ற மீ பண்டோங்கை இந்தோனேசிய நகரமாகிய பண்டோங்கிலிருந்து வந்ததென எண்ணுவோர் உண்டு. அந்நகரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. உணவில் அச்சொல் கலத்தலைக் குறிக்கிறது.

கொரியச் சமையலறையில் உண்மையாகவே தமிழோடு தொடர்புடைய சொல் ஒன்று உண்டு. அது ‘கரே’. நம் ‘கறி’ ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலத்துள் புகுந்து, அங்கிருந்து ஜப்பானியத்துக்குச் சென்று, ஜப்பான் வழியே கொரியாவை அடைந்தது. மலாயின் காரி, தோசை, ஆப்பம் போன்றவையோ வணிகராலும் குடியேறியோராலும் நேரே வந்தவை. ‘ஒம்மா’வைக் கண்டு வியக்கும் மாணவர் ‘கரே’யைக் கவனிப்பதில்லை. வரலாறு இருப்பதோ இரண்டாவதில்தான்.

இன்னொன்றையும் எண்ணலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். கொரியாவையும் அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே அடைந்ததாகப் பொதுவாகக் கருதுவர். நாம் பழைய மிளகின் பெயரைக் கொண்டு மிளகுக்காய் என்னும் பொருளில் மிளகாய் எனப் பெயரிட்டோம். மலாயில் லாடா என்னும் சொல் மிளகையும் மிளகாயையும் சுட்டலாயிற்று. இன்று காரமில்லாத கொரிய உணவையோ தமிழ் உணவையோ எண்ணிப் பார்ப்பதும் அரிது. புதிதாக வந்த பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றல் இரு பண்பாட்டுக்கும் பொது. இத்தகைய ஒற்றுமையே பயிலத் தக்கது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்க்கு ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். தாளில் மூன்று பத்திகள் வரைக. முதற்பத்தியில் கொரிய உணவுச் சொல் ஒன்று. அடுத்ததில் அதற்கு நிகரான மலாய்ச் சொல். மூன்றாவதில் தமிழ்ச் சொல். ஒவ்வொன்றின் கீழும், யாரிடம் சொல்லலாம், எந்நாளில் உண்பர், எந்த வினையோடு வரும், யார் தவிர்ப்பர் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதுக. முதற்பத்தியை மாணவர் விரைவில் நிரப்புவர். தொடர்களைப் பார்த்தே பலவற்றை அறிந்திருப்பர். இரண்டாவதும் கடினமாக இராது. தடுமாற்றம் மூன்றாவதில்தான் நேரும்.

‘ரைஸ் சாப்பிட்டேன்’ என்பதும் ‘நாசி வாங்கினேன்’ என்பதும் நம் பிள்ளைகளின் வாயில் இயல்பாகிவிட்டன. பியோ, சால், பாப் என மூன்றையும் ஆர்வத்தோடு மனப்பாடம் செய்யும் மாணவர், நெல்லையும் அரிசியையும் பிரித்துச் சொல்லத் தயங்குவதுண்டு. நொய், குருணை, தவிடு, காந்தல், பழையது, வெஞ்சனம் ஆகியவை அவர்க்கு நூற்சொற்களாகவே உள்ளன. இதற்காகக் கொரிய ஆர்வத்தைக் கடிவதில் பயனில்லை. அவ்வார்வமே மூன்றாம் பத்தியை நிரப்பத் தூண்டுமாறு செய்வதே ஆசிரியர் பணி.

கொரியர் தம் உணவு மரபை எவ்வாறு பேணுகின்றனர் என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம். குளிர்காலத்துக்கு முன் உறவினரும் அண்டையரும் கூடிக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் ‘கிம்ஜாங்’ வழக்கம் 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சோயாப் பயற்றை நொதிக்கவைத்துச் ‘ஜாங்’ என்னும் குழம்புச் சாறுகளைச் செய்யும் முறை 2024இல் சேர்க்கப்பட்டது. பட்டியலில் ஏறியவை உணவுப் பண்டங்கள் அல்ல. கூடிச் செய்யும் வழக்கங்கள். அவ்வழக்கங்களோடு அவற்றுக்குரிய சொற்களும் பிழைக்கின்றன.

ஜொகூரின் கித்தாத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழ்ந்து, அரிசியைப் புடைத்து நொய் பிரித்து, கஞ்சிக்கு எது, சோற்றுக்கு எது எனக் கையால் அறிந்த மூத்தோர் இன்றும் நம் வீடுகளில் உள்ளனர். மூன்றாம் பத்திக்குரிய விடைகள் அவர்களிடம் இருக்கின்றன. மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகில் அமர்ந்து, முதலில் ‘சாப்பிட்டீர்களா?’ என வினவித் தொடங்கலாம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதற்கு இதுவே காலம்.